கறித்தண்ணியில் வேகும் சோறு

(கோவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சோற்றைப் பற்றி. போர்ச்சுகல் நாட்டின் வடமேற்கில் மின்யோ என்றொரு பகுதி இருக்கிறது. மழைக்குக் குறைவில்லாத பச்சை மண். அங்கே பிராகா என்ற பழம்பெரும் நகரம். அந்த ஊரின் பெயரைச் சேர்த்தே சொல்லப்படுகிற உணவு ஒன்று உண்டு: வாத்துச் சோறு. அவர்கள் மொழியில் 'அரோஸ் டி பாத்து'. முழு வாத்தை வேகவைத்து, அது வெந்த தண்ணீரிலேயே அரிசியைச் சமைப்பார்கள். கறியைப் பிய்த்துச் சோற்றுக்கு நடுவே பரப்புவார்கள். புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சியை வில்லை வில்லையாக நறுக்கி மேலே அடுக்குவார்கள். பிறகு மண்பாத்திரத்தோடு சூட்டடுப்புக்குள் தள்ளி, மேற்சோறு பொன்னிறமாக முறுகும் வரை விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பம் கூடி உண்கிற சோறு அது.

போர்ச்சுகல்காரர் சமையலைக் கோயமுத்தூரில் நின்று ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்று காரணங்கள் சொல்கிறேன். அந்தச் சோற்றின் அடிப்படை விதி கொங்குச் சமையலறைக்கு நன்றாகத் தெரிந்த விதி. அதற்கு வேண்டிய வாத்தும் அரிசியும் நம் பவானிப் பாசனத்திலேயே கிடைக்கின்றன. மூன்றாவது காரணம் எனக்கு மிக முக்கியமானது. கறித்தண்ணியின் அருமையை நாம் வேகமாக மறந்து வருகிறோம். அதை நினைவூட்ட இந்தச் சோற்றைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரியவில்லை.

முதலில் விதியைப் பார்ப்போம். கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் அரிசீம்பருப்புச் சோறு தெரியும். தோட்டத்து வேலை முடித்து வந்த தாய் ஒரே பாத்திரத்தில் ஆக்கி இறக்குகிற சோறு. அதில் சோற்றை வடிப்பதில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்த எண்ணெயில் துவரம்பருப்பும் அரிசியும் சேர்ந்து புரண்டு, ஊற்றிய தண்ணீர் முழுவதையும் குடித்துவிடும். பருப்பின் சாரம் அரிசிக்குள் போய்விடுவதால் தனிக் குழம்பு தேவைப்படுவதில்லை. மேலே கொஞ்சம் நெய் விட்டால் போதும். பிராகா நகரத்து வாத்துச் சோறும் இதே விதிப்படிதான் நடக்கிறது. பருப்பு இருந்த இடத்தில் வாத்து. தண்ணீர் இருந்த இடத்தில் வாத்து வெந்த சாறு. இது புரிந்தவர்களுக்குச் சமையல் பாதி முடிந்த மாதிரி.

ஐரோப்பாவில் ஆளுக்கு அதிக அரிசி உண்பவர்கள் போர்ச்சுகல் மக்களே. மொண்டேகு, தேஜோ, சாடோ ஆகிய ஆறுகளின் தாழ்நிலங்களில் நெல் விளைகிறது. அவர்களுடைய பாரம்பரிய அரிசி கரோலினோ. சற்றே தடித்த மணி, ஜப்போனிகா இனத்தைச் சேர்ந்தது. மொண்டேகுவின் கீழ்ப்பகுதியில் விளையும் கரோலினோ புவிசார் குறியீடு பெற்றது. உதிர் உதிராக நிற்பதை அந்த அரிசியிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாற்றை எவ்வளவு உள்ளிழுக்கிறது என்பதுதான் அதன் பெருமை.

இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். 1510 முதல் 1961 வரை கோவா அவர்கள் கையில் இருந்தது. நம் கரையில் நாகப்பட்டினமும் மயிலாப்பூர் சாந்தோமும் அவர்கள் தங்கிய இடங்கள். கோவாவில் இன்றைக்கும் ஷோரிசோ என்னும் தொத்திறைச்சியைப் போட்டு ஆக்குகிற புலாவ் உண்டு. சாந்தோமும் கோவாவும் கடற்கரை ஊர்கள். கொங்கு நாடு உள்நாடு. இங்கே போர்ச்சுகீசியக் கோட்டை ஏதும் எழவில்லை. ஆனால் அவர்கள் கப்பல் கொண்டுவந்த ஒரு காய் நம் ஒவ்வொரு வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் குடியேறிவிட்டது. அது மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது வருவதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். இன்று ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் ஒரு கோழி வறுவல் தமிழகம் முழுக்கப் புகழ் பெற்றிருக்கிறது. அதில் பொடிமசாலா கிடையாது; காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும்தான். கடல்வழி வந்த காயை நாம் இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்டோம். அதே வழியின் மறுமுனையில் ஆக்குகிற ஒரு சோற்றைச் சொந்தமாக்கிக்கொள்ள நமக்குத் தயக்கம் தேவையில்லை.

அடுத்து வாத்து. கொங்கு நாடு பெரும்பாலும் புன்செய். சோளமும் கம்பும் ராகியும் விளைந்த மேட்டுக்காட்டில் ஆடும் கோழியும்தான் இயல்பான கறி. வாத்துக்கு நீர் வேண்டும். ஆகவே அது வாய்க்கால் ஓரத்துப் பறவையாகவே இங்கே இருந்துவிட்டது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், பவானியிலிருந்து ஓடிவரும் காலிங்கராயன் வாய்க்கால், பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானிக் கால்வாய் ஆகியவை நனைக்கும் நெல்வயல்களில்தான் வாத்துக்கு வேலை. கீழ்பவானியில் ஆகஸ்ட் 15 வாக்கில் நெல்லுக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். மார்கழி, தை மாதங்களில் அறுவடை. அறுத்த வயலில் வாத்துக்காரர்கள் மந்தையை இறக்குவார்கள். சிந்திய நெல்மணி, நத்தை, புழு, பூச்சி எல்லாம் வாத்துக்குத் தீனி. வாத்தின் எச்சம் வயலுக்கு உரம். கேரளத்தின் குட்டநாட்டு வாத்து மந்தைகளும் அறுவடையைத் தேடிப் பாலக்காடு தாண்டித் தமிழக வயல்களுக்கு வருவதுண்டு. குட்டநாட்டில் சாரா, செம்பல்லி என்ற நாட்டு வாத்துகள் பெயர் பெற்றவை. குட்டநாட்டுக் கிறித்தவ வீடுகளில் வாத்துக்கறி இல்லாத கிறிஸ்துமஸ் அபூர்வம்.

நெல்லும் வாத்தும் ஒரே வயலில் வாழ்வதை உலகமே கவனித்திருக்கிறது. ஜப்பானில் தகாவோ ஃபுருனோ என்ற விவசாயி 1980களின் இறுதியிலிருந்து நெற்பயிருக்கு நடுவிலேயே வாத்துக் குஞ்சுகளை விட்டுக் களையையும் பூச்சியையும் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆசிய நாடுகள் பலவற்றில் அந்த முறையைப் பின்பற்றினார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாத்தும் அரிசியும் ஒரு பானையில் கூடுவது சமையல்காரரின் விசித்திரக் கற்பனை அல்ல. ஒரே தண்ணீரில் வளர்ந்த இரண்டு உணவுகள் அவை. மொண்டேகு ஆற்றுப் படுகையில் இது உண்மை. கோபிசெட்டிபாளையத்திலும் உண்மை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிங்காநல்லூர், சூலூர், உக்கடம் குளங்களில் புள்ளிமூக்கு வாத்தைப் பார்த்திருப்பீர்கள். பனிக்காலத்தில் ஊசிவால் வாத்து போன்ற விருந்தாளிகள் வெகுதூரத்திலிருந்து வருகின்றன. அவை காட்டுப் பறவைகள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சமைப்பதற்கு வளர்ப்பு வாத்து மட்டுமே.

"வாத்துக்கறி கவிச்சி அடிக்குமுங்களே" என்று பெண்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது சுத்தம் செய்யும் முறையால் வருவது. வாத்தின் வால்மேட்டில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. வாத்து தன் அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகு முழுக்கப் பூசிக்கொள்வதால்தான் தண்ணீர் ஒட்டாமல் மிதக்கிறது. வாலோடு சேர்த்து அந்தச் சுரப்பியை வெட்டி எறிந்தால் கவிச்சியில் பெரும்பங்கு அப்போதே போய்விடும். இறகு பறிக்கத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். தோல் வெந்து கிழியும். கை பொறுக்காத சூடு போதும். எண்ணெய் இறகுக்குள் தண்ணீர் சீக்கிரம் இறங்காது என்பதால் கோழியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மிச்சமுள்ள பூமுடியைத் தீயில் வாட்டி, ஈரோட்டு மஞ்சளை அரைத்துப் பூசிக் கழுவுங்கள். கடையில் சுத்தம் செய்து வாங்கினாலும் வால் இருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

உயிரோடு வாங்கும்போது கீழ் அலகைத் தொட்டுப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இளசு. விறைத்து நின்றால் முட்டையிட்டு ஓய்ந்த வாத்து. முற்றிய வாத்தையும் ஒதுக்க வேண்டாம். இந்தச் சோற்றுக்கு அதுவும் நல்லதுதான். வேகும் நேரம் மட்டும் கூடும். வயலில் நடந்து திரிந்த வாத்தின் காலிலும் தோலிலும் பசைச்சத்து நிறைய இருக்கும். அது மெல்லக் கரைந்து சாறு கனமாகும். பல்லடத்துப் பண்ணைகளில் ஒன்றரை மாதத்துக்குள் வளர்ந்து வரும் கறிக்கோழி நம் வட்டாரத்துக்கு வேலையும் வருமானமும் தந்தது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த இளங்கறி கால் மணி நேரத்தில் வெந்துவிடுவதால் சாறு எடுக்கும் பொறுமையே நம் வீடுகளிலிருந்து போய்விட்டது.

சமைக்கும் முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்கு ஒரு வாத்து, சுத்தம் செய்தபின் ஒன்றேகால் கிலோ இருந்தால் சரி. பெரிய பாத்திரத்தில் வாத்தை முழுசாகவோ நான்கு துண்டாகவோ போட்டு இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். சூடு மெல்ல ஏறினால்தான் சாரம் இறங்கும். முதல் கொதியில் மேலே வரும் நுரையை வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு தோலுரித்த பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, பூண்டு ஆறு பல், கிராம்பு மூன்று, மிளகு ஒரு தேக்கரண்டி, பிரிஞ்சி இலை இரண்டு, கொஞ்சம் உப்பு. கறிச் செலவு இவ்வளவுதான். மல்லித்தூளோ கரம் மசாலாவோ வேண்டாம். வாத்துக்குத் தன் மணம் உண்டு. அது பேச இடம் விடுங்கள். சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகட்டும். முற்றிய வாத்தானால் இரண்டு மணிக்கு மேலும் ஆகும். குக்கரில் வைப்பவர்கள் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரைமணிக்கு மேல் வைக்கலாம். எலும்பிலிருந்து கறி கையால் பிரிந்து வரவேண்டும். அதுதான் பதம்.

வாத்தை எடுத்து ஆறவிட்டுக் கறியை இழை இழையாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். சாற்றை வடிகட்டித் தெளியவிடுங்கள். மேலே பொன்னிறமாகக் கொழுப்பு மிதக்கும். அதைக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் வையுங்கள். இந்தச் சோற்றுக்கு நெய்யும் அதுவே, எண்ணெயும் அதுவே. கீழே நிற்கும் கறித்தண்ணியை இப்போது கொஞ்சம் குடித்துப் பாருங்கள். உப்பு குறைவாக இருந்தால் இந்த இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். பின்னால் முடியாது.

அரிசிக்கு வருவோம். கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-ல் தொடங்கியது. அரிசியைப் பற்றி இந்த ஊருக்கு அவ்வளவு பழைய அறிவு உண்டு. கரோலினோ இங்கே கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பிரியாணிக்கு நாம் வைத்திருக்கும் சீரகச் சம்பா இந்தச் சோற்றுக்கு அருமையாகப் பொருந்தும். மணி சிறிது; சாற்றை வேகமாக இழுக்கும்; மசியாது. இன்னொரு தேர்வு பொன்னிப் பச்சரிசி. பொன்னியின் பூர்வீகம் மலேசியாவின் மசூரி நெல். தைவானின் தைச்சுங் 65 என்ற ஜப்போனிகா ரகத்தை மலாய் நாட்டு நெல்லோடு ஒட்டி உருவாக்கியது அது. 1986-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. ஆக, கரோலினோவின் தூரத்து உறவு நம் வீட்டுப் பொன்னியிலும் இருக்கிறது. புழுங்கல் அரிசி வேண்டாம்; அவித்து உலர்த்தும்போதே அதன் மாவுச்சத்து இறுகிவிடுவதால் சாற்றை மனமுவந்து ஏற்காது. பாசுமதியும் வேண்டாம். தனித்தனியாக நிற்பது அதன் அழகு. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுகூடல்.

இரண்டு டம்ளர் சீரகச் சம்பாவைக் கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். அகலமான பாத்திரத்தில் வாத்துக் கொழுப்பு மூன்று கரண்டி விட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியும் பூண்டும் வதக்குங்கள். அரிசியைப் போட்டு ஒவ்வொரு மணியிலும் கொழுப்புப் பிடிக்கும்படி புரட்டுங்கள். கொதிக்கும் கறித்தண்ணி மூன்றே முக்கால் டம்ளர் ஊற்றி மூடுங்கள். பொன்னியானால் அரை டம்ளர் கூடுதலாக விடலாம். முக்கால் பதம் வெந்து, மேலே ஈரம் மினுமினுக்கும்போது இறக்கிவிட வேண்டும்.

மேலே அடுக்கும் தொத்திறைச்சிக்கு என்ன செய்வது? கோவாவின் ஷோரிசோ கிடைப்பவர்கள் அதைப் போடலாம். எனக்குப் பிடித்தது உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து எடுத்த நம் வீட்டுப் பண்டம். குளிரூட்டும் பெட்டி இல்லாத காலத்தில் கறியைக் காப்பாற்ற மின்யோ மக்கள் புகையையும் நாம் வெயிலையும் நம்பினோம். உப்புக்கண்டத்தை வெந்நீரில் ஊறவைத்து, இடித்துப் பிய்த்து, வாத்துக் கொழுப்பில் முறுக வறுத்துக்கொள்ளுங்கள். காரமும் உப்பும் அதிலேயே இருப்பதால் சோற்றில் உப்பை மட்டாகப் போடுவது நல்லது.

மண்சட்டியில் கொழுப்புத் தடவி, பாதிச் சோற்றைப் பரப்பி, அதன்மேல் வாத்துக்கறி முழுவதையும் இட்டு, மீதிச் சோற்றால் மூடுங்கள். மேலே உப்புக்கண்டத்தை அடுக்கி, ஒரு கரண்டிக் கொழுப்பைத் தெளியுங்கள். மின்சார அவன் இருந்தால் 200 டிகிரியில் இருபது நிமிடம். இல்லாதவர்கள் தம் போடுகிற மாதிரி சிறுதீயில் சட்டியை வைத்து, தட்டால் மூடி, தட்டின்மேல் தணலைக் கொட்டலாம். மேற்சோறு முறுகி, உள்ளே மிருதுவாக இருக்கும். இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். போர்ச்சுகலில் ஆரஞ்சுச் சுளை வைப்பார்கள். கொழுப்புக்கு அந்தப் புளிப்பு நல்ல மாற்று. நமக்குக் கொடைக்கானல் கமலா ஆரஞ்சு இருக்கிறது. தயிர்ப்பச்சடியும் குழம்பும் வேண்டாம். சோற்றுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது.

பறவைக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். 2014-ல் குட்டநாட்டில் அது பரவியபோது வாத்துகளைப் பெருந்தொகையாக அழிக்க வேண்டி வந்தது. கேரளத்தில் நோய் என்றால் வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் உயிர் வாத்து வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். மற்ற நாட்களிலும் பச்சைக்கறி தொட்ட கையையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கறி முழுவதும் 70 டிகிரிக்கு மேல் வெந்தால் அந்தக் கிருமி பிழைக்காது. ஒரு மணிக்கு மேல் கொதிக்கும் இந்தச் சமையலில் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

நண்பர்களே, நான் வலியுறுத்த வந்தது ஒரே செய்தி. கறியின் உயர்ந்த பகுதி கறித்தண்ணிதான். நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் எலும்புச் சாறு வைத்துக் கொடுத்தார்கள். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டுவதைக் குற்றமாகவே நினைத்தார்கள். இன்று கறியை வேகவைத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சுவைக்காகப் பொட்டலத்தைப் பிரிக்கிற வீடுகள் பெருகிவிட்டன. சுவை போய்விட்டது என்று பிறகு வருந்துகிறோம். போனது எங்கே என்று தேட வேண்டியதில்லை, நாம்தான் ஊற்றிவிட்டோம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற தை மாதத்தில் பவானிக் கரையில் அறுவடை முடிந்து வாத்து மந்தைகள் இறங்கும்போது, ஒரு வாத்தை மந்தைக்காரரிடமே நேராக வாங்குங்கள்; அந்த எளிய மனிதர்களின் பிழைப்புக்கும் அது உதவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பேற்றுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாத்து கிடைக்காவிட்டால் நாட்டுக்கோழியில் செய்யுங்கள். எதில் செய்தாலும் கறித்தண்ணியில் ஒரு சொட்டும் வீணாகாமல் அரிசிக்கே கொடுங்கள்.